பிட் லேனுக்குள் யார் வரலாம்

பந்தயத்தில் பாதுகாப்புப் பார்க்கும் மார்ஷல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு நல்ல வார்த்தை வராது. பந்தயத் தடத்தில் இத்தனை வருடம் நான் பேசியதெல்லாம் "தள்ளுங்க", "அங்க நிக்காதீங்க", "உங்கள யாரு உள்ள வுட்டது" என்ற மூன்றுதான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபர் பின்பக்கமாக நடந்தால் அவர் சட்டையைப் பிடிக்க என் கை தானாக நீளுகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வார நாட்களில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளைப் பிரிவு சூப்பர்வைசராக இருந்தேன். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிட் லேன் பொறுப்பாளர். சூளையில் ஒரு வசதி உண்டு. உள்ளே கொதிக்கிறது என்றால் யாரும் தலையை விட்டு எட்டிப் பார்க்க மாட்டார்கள். பிட் லேனில் அந்த வசதி இல்லை. பார்க்க அது சாதாரண ரோடு மாதிரியே இருக்கும். எல்லாத் தொல்லையும் அதனால்தான்.

அது ரோடு இல்லை. பந்தயத் தடத்தை ஒட்டி, ஒரு குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் போகும் பாதை. வண்டிகள் பழுது பார்க்க உள்ளே வருவதும் மறுபடி பந்தயத்துக்குப் போவதும் இதன் வழியாகத்தான். ஒரு பக்கம் மெக்கானிக்குகள், டயர், பெட்ரோல் கேன். மறுபக்கம் சுவர். நடுவில் வருகிற வண்டி இந்த நொடிவரை பந்தயத்தில் இருந்த வண்டி. ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்திருப்பார், அவர் கண் இன்னும் குறைத்திருக்காது. நீங்கள் நிற்பது அவருக்குக் கடைசியில்தான் தெரியும்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கான விதிகளை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மீடியா ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும், காலில் ஷூ வேண்டும், வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாது, வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது, காதில் எதையும் சொருகக் கூடாது, தரையில் ஒயர் போடக் கூடாது. பந்தயத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டினால் கேமராவோடு எல்லோரும் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். இவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். வயதுக்கு வந்தவர்களுக்குத்தான் புரிவதில்லை.

சென்னைப் பக்கம் இருக்கும் தடத்தில் நான் வேலைக்கு நின்ற ஆரம்ப வருடங்களில், ஒரு டிவி கேமராமேன் பாதைக்குக் குறுக்கே ஒயர் போட்டார். எடுக்கச் சொன்னேன். "ஒரு நிமிஷம்மா, ஒரே ஒரு ஷாட்" என்றார். உள்ளே வந்த பைக்கின் கால் மிதியில் ஒயர் மாட்டி, ஸ்டாண்டோடு கேமராவும் கேமராவோடு அவரும் இழுபட்டார்கள். அவர் வேலை தெரிந்த மனிதர், நல்ல மனிதர். அன்று கணுக்கால் உடைந்ததற்குப் பிறகு அவர் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். ஒயர் கூடாது என்ற விதியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் கணுக்காலைத் தெரியும்.

அன்று ஒன்று புரிந்தது. கேமராவில் கண்ணை வைத்தவருக்குக் காது அடைத்துப்போகிறது. ஊரே கத்தினாலும் கேட்காது. ஆகவே அவருடைய காது நீங்கள்தான். இதை அவர் கேட்டு நீங்கள் செய்யப்போவதில்லை. திட்டு வாங்கிக்கொண்டே செய்ய வேண்டும்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். விருத்தாசலத்துக்கு வெளியே, மங்கலம்பேட்டை போகும் பக்கத்தில், மூடிப்போன ஒரு பீங்கான் கம்பெனி இடத்தில் நாம் பைக் பந்தயத் தடம் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதற்குக் காரணம் நம் கிளப் செயலாளர் ஜாபர் பாய். குவைத்தில் மெக்கானிக்காக இருந்து, திரும்பி வந்து மங்கலம்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தவர். அந்தத் தடத்துக்காக அவர் ஏறாத படி இல்லை. அவரிடம் ஒரே குறை, 'முடியாது' என்ற வார்த்தையை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

நான் கடைசியாகப் பொறுப்பில் இருந்த பந்தயத்துக்கு முந்தின வாரம் கடையில் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொன்னார்.

"அக்கா, மீடியா ஜாக்கெட் அம்பது தைக்கச் சொல்லிட்டேன்."

"எதுக்கு பாய்? பேப்பரு, டிவி எல்லாம் சேத்தாலும் எட்டு பேரு தேறாது."

"ஸ்பான்சரோட மச்சான் கேக்குறாரு. யூடியூப் பசங்க இருக்காங்க. எங்க ஊர்ப் பசங்க நாலு பேரு. எல்லாரும் போன்ல படம் புடிக்கிறவங்கதானே, அவங்களும் மீடியாதான்."

"போன் வச்சிருக்கறவங்கல்லாம் மீடியான்னா எங்க வூட்டுப் பால்காரரும் மீடியாதான் பாய்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பேசிப் பேசிப் பத்துக்குக் கொண்டுவந்தேன். மிச்ச ஜாக்கெட்டை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. பந்தயத்தன்று டீ விற்றவர் ஒன்று போட்டிருந்தார்.

அன்று காலையில் பத்துப் பேரையும் நிற்கவைத்து விதிகளைச் சொன்னேன். அதற்கெல்லாம் பிறகு, பந்தயங்கள் தொடங்கிய பின், வினோத் என்ற பையன் வந்தார். பைக் வீடியோ போடுகிறவர், இந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாத இளவட்டம் கிடையாது. அரைக்கால் சட்டை, இரண்டு காதிலும் இயர்போன், கையில் நீளக் குச்சியின் முனையில் போன். வாசலில் மறித்தேன்.

"ஆன்ட்டி, லைவ் ஓடிக்கிட்டு இருக்குது. ஹாய் சொல்லுங்க."

"பேண்ட்டு போட்டுக்கிட்டு வாங்க. காதுல இருக்கறத எடுங்க. அப்புறம் ஹாய் சொல்றேன்."

அவர் போனைப் பார்த்து, "ஆன்ட்டி செம்ம டெரர் மக்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரி, ஒழிந்தது என்று திரும்பினால் சற்று நேரத்தில் அதே குச்சி பிட் லேனுக்குள் ஆடுகிறது. பின்பக்கத்துக் கேட் வழியாக ஜாபர் பாயே கூட்டி வந்திருந்தார். ஜாக்கெட்டும் போட்டுவிட்டிருந்தார்.

"பாய், இவரு வேணாம்."

"நம்ம பந்தயத்த எந்த டிவியும் காட்டலக்கா. இவன் ஒருத்தன்தான் காலைலேருந்து காட்டிக்கிட்டு இருக்கான். ஒரு ஓரமா நின்னுக்குவான், வுடுங்க."

பிட் லேனில் ஓரம் என்று ஒன்று கிடையாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பந்தயத்துக்கு வண்டிகள் வரிசையில் நின்றுவிட்டன. ஜாபர் பாய் மேடைப் பக்கம் போய்விட்டார். அப்போது வினோத்தை வெளியே தள்ளப் போனால் தொடக்கத்தைக் கவனிக்க முடியாது. ஒரு மார்ஷலை அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

பந்தயத்தில் கார்த்தி என்பவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர், அமைதியான ஓட்டுநர். பாதி தூரம் ஆனபோது, பிட் லேன் முடிந்து தடத்தோடு சேரும் இடத்துக்கு அப்பால் இருக்கும் முதல் வளைவில் அவர் வண்டி சறுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் உருண்டு போய் டயர் அடுக்கில் மோதிக் கிடந்தார். எழுந்திருக்கவில்லை. தடம் முழுக்கச் சிவப்புக் கொடி காட்டினார்கள்.

இங்கேதான் கவனியுங்கள். சிவப்புக் கொடி காட்டினால் பந்தயம் நின்றது, ஆபத்து முடிந்தது என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். பிட் லேனில் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த அத்தனை வண்டியும் ஒரே சமயத்தில் உள்ளே வரும். வரவேண்டும் என்பதுதான் விதி.

எங்கள் ஆம்புலன்ஸ் பிட் லேனுக்குள், தடத்துக்குப் போகும் வெளிவாசலைப் பார்த்து நின்றது. டிரைவர் கிளப்பிவிட்டார். ஆனால் விழுந்த இடம் வெளிவாசலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஜாக்கெட் போட்டவர்கள் எல்லோரும், காலையில் என் முன்னால் தலையாட்டிய பேப்பர்காரர்களும் சேர்ந்து, வாசலுக்கு ஓடி அடைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் ஹாரன் அடிக்கிறது, ஒருவரும் திரும்பவில்லை. பின்னாலிருந்து பைக்குகள் வருகிற சத்தம் கேட்கிறது. அவை உள்ளே வந்தால் ஆம்புலன்ஸைச் சுற்றி நிரம்பும். மெக்கானிக்குகள் தங்கள் வண்டியைப் பார்க்க ஓடிவருவார்கள். அப்புறம் அங்கே ஒரு சைக்கிள்கூட நகராது.

வண்டிகள் உள்ளே வரும் வாசலில் பிரியா என்ற மார்ஷல் பெண் நின்றாள். வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன்.

"பிரியா, வாசல மூடு. ஒரு வண்டி உள்ள வரக் கூடாது."

"மேடம், ரெட் ஃபிளாக்ல உள்ளதானே வுடணும்?"

"ஆமா. இப்ப வுடாத. தடத்துலயே நிறுத்தி இஞ்சின ஆஃப் பண்ணச் சொல்லு."

அவள் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினாள். உடனே மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து பந்தய இயக்குநர் கத்தினார். "யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான். லேன் அடைச்சிக்கிட்டு இருக்குது சார்."

"விதி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டமா என்று கேட்காதீர்கள். விசில் ஊதினேன், பயனில்லை. கையில் அகப்பட்ட ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்தேன். மூத்த போட்டோகிராபர் ஒருவர் என்னைப் பார்த்த பிறகு சுதாரித்துக்கொண்டு மற்றவர்களை அவரே தள்ளினார். கடைசியாக வினோத். அவர் பக்கத்தில் நான் நிறுத்திய மார்ஷல் அந்தக் கூட்டத்தில் எங்கோ மாட்டியிருந்தார். குச்சியை உயர்த்திப் பிடித்து, தன் முகமும் பின்னால் வளைவும் சேர்ந்து விழுகிற மாதிரி, பின்பக்கமாக நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸின் மூக்கு அவரைத் தொட ஒரு முழம் இருக்கும். காதில் இயர்போன். நான் காலரைப் பிடித்து இழுத்ததில் அவர் என்மேலேயே விழுந்தார். ஆம்புலன்ஸ் எங்களை உரசிக்கொண்டு போனது.

அவரைச் சுவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலைத் திறக்கச் சொல்லி, வண்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கினேன். வெயிலில் நிறுத்திவைத்த கோபத்தில் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். ஆம்புலன்ஸில் போன டாக்டரின் குரல் வாக்கி டாக்கியில் வந்தது. "நினைவு இருக்குது, பேசுறாரு. தோள்பட்டை உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்." மூச்சு விட்டேன்.

அப்போது பிட் லேனில் கார்த்தியின் வண்டிக்கு ஒதுக்கிய இடத்தில், டூல் பாக்ஸ்மேல் அவர் வைத்துவிட்டுப் போன போன் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மெக்கானிக் ஆம்புலன்ஸோடு போயிருந்தார். நின்றது, மறுபடி அடித்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் 'வூடு' என்று இருந்தது.

அடிபட்டவரைப் பற்றி வீட்டுக்குச் சொல்வது டாக்டர் வேலை, நாம் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. சரியான விதி. அதை மீறியவர்களை நானே கிழித்திருக்கிறேன். ஆனால் இந்த நேரத்தில், இத்தனை தடவை, வீட்டிலிருந்து யாரும் சும்மா கூப்பிட மாட்டார்கள். எடுத்தேன்.

"அவரு இருக்காரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க." ஒரு பெண்ணின் குரல். அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இருக்காரும்மா. டாக்டருகிட்ட பேசுனாரு. தோள்ல அடி. விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதீங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். அசையவே இல்ல. செத்துட்டாருன்னு கீழ எழுதுறாங்க."

"எதுல பாக்குறீங்க?"

வினோத்தின் சேனல் என்றார். திரும்பினேன். சுவருக்குப் பின்னால் தள்ளிய வினோத் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டு, போனை வளைவுப் பக்கம் நீட்டி, பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்த மூடிட்டுப் பஸ்ஸு ஏறுங்கம்மா. டாக்டரு சொன்னத என் காதால கேட்டேன். தெரியாதத நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "சரிங்க" என்றார். நம்பினாரா இல்லையா, தெரியாது.

தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்' என்பது தெரிந்த விஷயம் இல்லை. அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

சாயங்காலம் நானும் ஜாபர் பாயும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார்த்தி கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். வெளியே பெஞ்சில் அவர் மனைவி தேவியும், மடியில் தூங்கிவிட்ட மகனும். நான்தான் போன் எடுத்தவள் என்று சொன்னதும் தேவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சேனல்ல பாருன்னு அவருதாங்க சொல்லிட்டு வந்தாரு. வேற எதுலயும் காட்ட மாட்டாங்களாம். அப்பா வண்டி முன்னாடி போவுதுன்னு இவன் கை தட்டிக்கிட்டு இருந்தான். அப்புறமும் இவன்தான் போன கையில வச்சிருந்தான். புடுங்குறதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துட்டான்."

நான் தலையாட்டினேன்.

"அந்த எடத்துக்கு யாரு வரலாம், யாரு வரக் கூடாதுன்னு சொல்றது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அப்ப அந்தப் பையன எப்புடி வுட்டீங்க?"

பக்கத்தில் ஜாபர் பாய் நிற்கிறார். நான் விடவில்லை என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எங்கள் உள்சண்டையால் என்ன ஆகப்போகிறது? கிளப் ஜாக்கெட் போட்டிருந்தால் கிளப் விட்டதாகத்தான் அர்த்தம். என்ன சொல்வது என்று நான் யோசிக்கும்போதே ஜாபர் பாய் முன்னால் வந்தார்.

"இவங்க வுடலம்மா. வேணாம்னாங்க. நான்தான் பின்னால கேட்டுல கூட்டிக்கிட்டு வந்தேன்."

தேவி அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதா பாய்?" என்று மட்டும் கேட்டார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெளியே போய் வினோத்துக்குப் போன் போட்டார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வினோத் வீடியோவை நீக்கிவிட்டார். கெட்ட பையன் இல்லை, எதையும் யோசிக்காத பையன். ஆனால் அதற்குள் யாரோ அதை வெட்டி எடுத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார்கள். நான் காலரைப் பிடித்து இழுத்த பகுதியை வினோத் நீக்கவில்லை. அது தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் மருமகளே எனக்கு அனுப்பினாள்.

என்மேல் இரண்டு புகார் வந்தன. விதிக்கு மாறாக வண்டிகளைத் தடத்தில் நிறுத்தியதாக இயக்குநர் ஒன்று கொடுத்தார். இரண்டு கூட்டம் போட்டுப் பேசி, ஆம்புலன்ஸைப் பிட் லேனுக்கு வெளியே நிறுத்துவது என்று முடிவானது. நான் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை, இடத்தை மட்டும் மாற்றினார்கள். இந்தத் தொழிலில் உங்களைப் பாராட்டுவது அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள். மீடியாவின்மேல் கை வைத்ததாக இன்னொரு புகார். அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை.

கேமராக்காரர்களை எதிரியாக நினைக்கச் சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் கார்த்தி முன்னால் போனதை அவர் மகன் பார்த்திருக்க முடியாது. உள்ளே விடுங்கள். யாரை, எந்த இடத்தில், எந்த நேரம் வரை என்று நீங்கள் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும். கொடி மாறினால் மனிதரோடு கேமராவும் இறங்க வேண்டும். மனிதரைச் சுவருக்குப் பின்னால் தள்ளினால் மட்டும் போதாது, படம் எடுப்பதும் நிற்க வேண்டும் என்பதை இப்போது விதியில் சேர்த்திருக்கிறார்கள். படித்துப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும்.

கார்த்தி வீடு திரும்பியதும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஸ்ரீமுஷ்ணம் போனேன். ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில், மறு கையால் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். வாசலில் அந்த நசுங்கிப்போன பைக் நின்றது. ஹேண்டில்பாரில் பெரிய ரோஜா மாலை, வாடிக் கிடந்தது.

"பூஜை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

கார்த்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தேவி சிரிக்காமல் சொன்னார்:

"இங்க பக்கத்துல இருக்கற மங்களூர்லேருந்து இவரு பெரியப்பா வந்தாருங்க. அந்த அஞ்சலிப் படம் அவரு போனுக்கு முந்தாநேத்துதான் போயிருக்குது. விடியக்காலம் மொத பஸ்ஸு புடிச்சு, அழுதுக்கிட்டே மாலையோட உள்ள வர்றாரு, இவரு உக்காந்து இட்லி சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. மனுஷன் மாலைய வச்சிக்கிட்டு முழிக்கிறாரு. கீழயும் வைக்க முடியல, திருப்பி எடுத்துக்கிட்டும் போவ முடியல. வண்டிக்குப் போடுங்க மாமா, அதுதான் செத்துதுன்னு சொன்னேன்."